வெட்டில்லாத அட்டை

மருந்துக்கடை பாஸ்கலிடம் மாத்திரை வாங்குவதென்றால் பொறுமை வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டி போல ஒரு கடை. சீட்டை நீட்டினால் மருந்து உடனே வராது, கேள்விதான் வரும். காலையில் என்ன சாப்பாடு, தொட்டுக்க வெஞ்சனம் என்ன, கால் எரிச்சல் எப்படி, தூக்கம் பிடிக்கிறதா. போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள் என்று பூக்கார சிவனம்மாள் பொருமுவாள். அங்கே அவள் ஊருக்குப் போகும் சாணார்பட்டி பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். இங்கே இந்த மனுஷர் மேசைக்குக் கீழே எதையோ நோண்டிக்கொண்டு, "அப்புறம் சொல்லுங்கக்கா" என்பார்.

ஆனால் மாத்திரையில் மட்டும் அவளுக்குக் குழப்பமே வந்ததில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்பு, முதல் நாளே பாஸ்கல் சொல்லிவிட்டார்: அட்டை ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால் காலைக்கு, இரண்டு வெட்டு என்றால் ராத்திரிக்கு, வெட்டே இல்லாவிட்டால் மதியத்துக்கு. விரலால் தடவினாலே போதும்.

"படிக்காதவுகளுக்கும் தெரியணும்னு செஞ்சிருக்கான் பாரு. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்" என்று பூப்பறிக்க வரும் பெண்களிடம் பெருமையடிப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில் எதிர்ச்சாரியில் ஏசி போட்ட மருந்துக்கடை ஒன்று வந்தது. "அங்க வாங்கும்மா, ரெண்டு நிமிஷத்துல தந்துருவாங்க" என்றான் மகன் அழகுராஜா. உண்மையாகவே இரண்டு நிமிஷம்தான். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டு போனது, பை வந்தது. சிவனம்மாளுக்கு ஏதோ விடுதலை கிடைத்தது போல இருந்தது.

வீட்டில் பையைப் பிரித்தால் மூன்று அட்டையிலும் வெட்டைக் காணோம். தடவித் தடவிப் பார்த்தாள். டாக்டர் மாற்றி எழுதிவிட்டார், இனிமேல் எல்லாமே மதியத்துக்குத்தான் என்று முடிவுகட்டினாள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சத்து மாத்திரை மூன்றையும் மதியம் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். நான்காம் நாள், சோறு ஆறட்டும் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கனகாம்பரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவள், கண் இருண்டு வரப்பில் விழுந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தாள்.

ஏசிக் கடைக்காரன் போலி மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவளுக்குச் சந்தேகம். மறுநாள் அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு பாஸ்கல் கடைக்குப் போனாள். வேறு கடை மருந்தோடு அந்த வாசலில் நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. உயிர்ப்பயம் கூச்சத்தைவிடப் பெரியது.

"தம்பி, இது போலியான்னு பாத்துச் சொல்லு. கம்பெனி வெட்டு ஒண்ணுலயும் இல்ல. எல்லாத்தையும் மதியம் போட்டு, நேத்து சாகப் பாத்தேன்."

பாஸ்கலின் முகம் வெளுத்துவிட்டது. அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை நல்ல மாத்திரைதான்க்கா" என்றார். பிறகு மேசைக்குக் கீழே கையை விட்டு, ஒரு சின்னக் கத்தரியை எடுத்து மேலே வைத்தார். "கம்பெனியில வெட்டுறதில்ல. நாந்தான் வெட்டுவேன்."

சிவனம்மாள் கத்தரியைப் பார்த்தாள். அத்தனை கேள்விகளும், கீழே நோண்டிக்கொண்டிருந்த கைகளும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின.

"இத ஏன் தம்பி எங்கிட்டச் சொல்லல?"

"நாலு பேரு நிக்கிற எடத்துல, ஒங்களுக்குப் படிக்கத் தெரியாது, வெட்டித் தாரேன்னு எப்படிச் சொல்றது? அதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வெட்டுறது. தப்பு எம்மேலதான். சொல்லியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீக."

எட்டு வருஷமாக முகம் தெரியாத கம்பெனிக்காரனை வாழ்த்திவிட்டு, இந்த மனுஷரை ஏசினோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. எத்தனை பெரிய மனசு என்று நினைத்தபோது கண் கலங்கியது. பாஸ்கல் எதிர்க்கடை அட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வெட்ட ஆரம்பித்தார்.

"எங்க வேணும்னாலும் வாங்கிக்கங்க. வெட்டுறதுக்கு மட்டும் இங்க வந்துருங்க."

இன்று மறைக்க ஒன்றுமில்லை. அதனால் கேள்வியும் வரவில்லை. சாணார்பட்டி பஸ் ஹாரன் அடித்தது. சிவனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலையில பழைய சோறு தின்னேன் தம்பி" என்று அவளாகவே ஆரம்பித்தாள். "வெஞ்சனம், சுட்ட கருவாடு."

கத்தரி நின்றது. "பிரஷர வச்சுக்கிட்டுக் கருவாடா?" என்று பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கேள்விக்காகச் சிவனம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.