வைரப் பசை

என் நாத்தனார் வைரம் கண்டுபிடித்துவிட்டாள். கழுத்தில் போடுகிற வைரமில்லை. கல்லை அறுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, தலைமுடியில் பாதி தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். அறுப்பதும் தேய்ப்பதும் என் வேலை. பார்ப்பது அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் நான் கீழ்த்தளம், அவள் மூன்றாவது மாடி. வீட்டிலும் மகாராணிக்கு மாடி அறைதான்.

ஒல்லியாக இருந்துகொண்டு சுருக்கென்று குத்துவதால் அவளுக்கு நான் வைத்த பெயர் குண்டூசி. அன்று குத்தவில்லை. படியில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, அந்தச் சிவப்புக் கார்னெட் மணியில வைரம்! நூத்தி இருபது கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் இல்லாம கரி வைரமாகாது. இந்தக் கல்லு அவ்ளோ ஆழம் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு! அஞ்சு மணிக்குக் கட்டுரைய அனுப்பிடுவேன்."

அந்தக் கல்லை எடுத்த மலை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கியிருக்காது என்று அவளுடைய பேராசிரியர் மூன்று வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் வாயை அடைக்கலாம்.

என் கண் மேசையிலிருந்த வைரப் பசை டப்பாவுக்குப் போனது. 'வைரப் பசை வேண்டாம், அலுமினாப் பொடி மட்டும்' என்று சீட்டு எழுதித்தான் கல்லைக் கொடுத்திருந்தாள். அலுமினாவில் கார்னெட் மெருகேற நான்கு மணி நேரம் ஆகும். எனக்கே பாடம் எடுக்கிறாளா என்ற வீம்பில் பசையைத் தடவிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அந்தப் பசையில் இருப்பதே வைரத்தூள்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் அது பூமியின் வைரமா, என் டப்பா வைரமா? பயம் ஒரு பக்கம் இருந்தாலும் இது தெரியாமல் என்னால் இருக்க முடியாது. மாடி ஏறிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நானும் லென்ஸ இறக்கிப் பார்க்கல அண்ணி," என்றாள். "கட்டுரை எழுதிக்கிட்டு மூணு நாளா அது பக்கத்துலயே உக்காந்திருக்கேன். பார்த்தா போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"இப்பப் பாரேன்."

மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தது. வைரம் கல்லுக்குள் புதைந்திருந்தால் அது தெளியும்போது கீறல் மங்க வேண்டும். அவள் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினாள். இரண்டும் ஒன்றாகத் தெளிந்தன, ஒன்றாக மங்கின. வைரம் கல்லின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, என் டப்பா வைரம்.

மிச்சமிருந்தது கட்டைவிரல் அளவுக் கல். அதையும் அறுத்துவிட்டால் மறுபடி மலைக்குப் போக அடுத்த வருடம்தான்.

"அறுங்க," என்றாள்.

இந்த முறை அலுமினா மட்டும். நான் தேய்க்கத் தேய்க்கப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது வலித்தது. ஐந்து மணி வந்தது, போனது. கட்டுரை போகவில்லை.

புதிய சில்லில் வைரம் இல்லை. ஆனால் ஒரு கார்னெட்டுக்குள் வெளிறிய மணி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நாலாபக்கமும் விரிசல்.

"இது ஏன் வெடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

அவள் குரல் மாறிவிட்டது. "ஆழத்துல குவார்ட்ஸ் நெருக்கப்பட்டு கோயசைட்டா மாறும் அண்ணி. மேல வரும்போது திரும்ப குவார்ட்ஸா உப்பும். அதுல கார்னெட்டே விரிசல் விடும். நடுவுல மாறாம துளி மிச்சம் இருந்தாக்கூடத் தொண்ணூறு கிலோமீட்டர்!"

திருகைத் திருப்பினாள். கீறல்கள் மங்கின, மணி தெளிந்தது. உள்ளேதான் இருந்தது. எந்தக் கனிமம் என்று காட்டும் லேசர் கருவியில் வைத்தோம். நடுவில் கோயசைட்.

"இது என் டப்பாவுல இருந்து வந்திருக்காதே?"

"இத யாரும் பசையில போட மாட்டாங்க."

பிறகு ஏதோ தோன்றி, பழைய சில்லை எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தாள். என்னைக் கண்ணாலேயே கூப்பிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். அந்த வைரத்துக்கு அடுத்த கார்னெட்டிலேயே, சுற்றிலும் விரிசல் விட்ட மணிகள் மூன்று இருந்தன.

"அப்ப இது முதல் சில்லுலயே இருந்திருக்கு. என் கடைசிக் கல்ல வீணா அறுத்துட்டீங்க," என்றாள்.

"நீதானே அறுங்கன்னு சொன்ன?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.