வியாழக்கிழமைத் தாள்கள்

பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் காற்றுக்காரர்தான். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் காற்றை அளந்த மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அன்று காலை அந்த அலுவலகத்துப் பெண் அதிகாரி ஒரு பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு எந்த வருஷம் என்று தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஊர் ஓரத்துத் தொழிற்சாலைப் புகையால் பிள்ளைகள் மூச்சுவிடத் திணறுகிறார்கள் என்று ஜனங்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்களோ, நாங்கள் வருவதற்கு முந்தின வருஷமே இங்கே காற்று இந்த லட்சணம்தான் என்று அவர் கையெழுத்துப் போட்ட அளவுகளையே எடுத்து நீட்டுகிறார்கள். திங்கட்கிழமைகள் ஒழுங்காக இருக்கின்றன. வியாழக்கிழமைகள் மட்டும் எகிறி நிற்கின்றன. காரணம் ஞாபகமிருந்தால் எழுதி வையுங்கள், மாலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள்.

ஞாபகமிருந்தாலா? நல்ல கேள்வி! வாழ்க்கையில் மிச்சமெல்லாம் மறந்தாலும் அந்த வியாழக்கிழமைகள் மறக்குமா?

அப்போது காற்றை அளக்கும் கருவி பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் இருந்தது. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவார்கள், மேலே மோட்டார் ரீங்கரிக்கும். வாரத்தில் இரண்டு நாள் வெள்ளைத் தாளைப் பொருத்தி ஓடவிட்டு, மறுநாள் எடுத்து எடை போட வேண்டும். ஏறிய எடைதான் காற்றிலிருந்த தூசி. திங்கட்கிழமைத் தாள் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். வியாழக்கிழமைத் தாள் சட்டியின் அடியைப்போல வரும். மூன்றாவது வாரம் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தார். ஒட்டினாற்போலிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு குப்பைக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் எது எரிந்தாலும் குறிப்புப் பத்தியில் எழுத வேண்டும். எழுதினால் அந்த அளவு சராசரியில் சேராது. எரிப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் சொல்லத்தான் போனார். மாடியில் புறா பிடிக்கிற ஆளா என்று அவள் கேட்டாள். புகை பற்றி விசாரணை என்று விறைப்பாகச் சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அடுத்த வெள்ளியும் விசாரணை. அதற்கடுத்த வெள்ளியும் விசாரணை. எழுதினால் மேலதிகாரியே வந்து புகையை நிறுத்திவிடுவார்; பிறகு எந்தச் சாக்கில் அந்த வாசலில் போய் நிற்பது? வருஷம் முழுக்கப் பத்தி காலியாகவே கிடந்தது. வருஷக் கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். குப்பைப் புகையும் அத்தோடு நின்றது.

இப்போது உள்ளே அவள் இருமினாள். நாலு வருஷமாக இன்ஹேலர் இல்லாமல் அவள் வாசல் தாண்டுவதில்லை. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதிய மனிதன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுதினால் முப்பது வருஷ நல்ல பெயர் போய்விடும். எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் வழக்கு போய்விடும்.

அவள் வந்து உட்கார்ந்ததும் பதிவேட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணாவது வாரமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நிறுத்தச் சொல்ல மனசு வரல. நின்னுட்டா உன்னைப் பார்க்க வழியில்லையே."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலரை இழுத்த பிறகுதான் பேச வந்தது.

"ஆறாவது வாரமே எங்க வீட்டுக் குப்பை தீர்ந்துபோச்சுங்க. அக்கா வீட்டுக் குப்பையைக் கேட்டு வாங்கிட்டு வந்து எரிச்சேன். புகை வரலேன்னா நீங்க வரமாட்டீங்களே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையிலிருந்த இன்ஹேலரைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"இது எந்தப் புகையில வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். "அந்தப் பிள்ளைங்க கையில இது வேண்டாங்க. எழுதுங்க."

எழுதினார். வியாழக்கிழமைதோறும் அருகில் குப்பை எரிக்கப்பட்டது. அறிந்தும் நான் பதிவு செய்யவில்லை. கையெழுத்துப் போட்டார். எரித்தது யார் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை.

அவள் பேனாவை வாங்கி, எரித்தது நான் என்று எழுதி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். கல்யாணத்தைப் பதிவு செய்த நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான்.