ரூத்தின் பஸ்கா சூப்

எட்டு நாளாக மிரியம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். எண்பத்தாறு வயதில் உள்ளே போனால் திரும்பி வருவது சந்தேகம். லண்டனின் பிளேஸ்டோவிலிருந்து ரயில் மாறி மாறி கோல்டர்ஸ் கிரீனுக்கு வந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் செல்வமலர் சம்பளத்துக்கு வந்தவள்தான். ஆனாலும் ஆறு மாதத்தில் கிழவிமேல் பாசம் ஒட்டிவிட்டது.

"பஸ்கா சூப் வை. ரூத் வைக்கிற மாதிரி. அதைக் குடிப்பேன்," என்று அன்று காலை மிரியம் ஆங்கிலத்தில் சொன்னாள். ரூத் அவளுடைய அக்கா. கல்யாணம் கட்டாத இருவரும் இந்த வீட்டில்தான் காலம் முழுக்க இருந்தார்கள். ரூத் போன ஆவணியில் செத்துப்போனாள். செல்வமலர் அவளைக் கண்டதே இல்லை.

யூதர்களின் பண்டிகையான பஸ்காவுக்கு அந்த வீட்டில் கோதுமைப் பொட்டுகூட இருக்கக்கூடாது. பாண், பிஸ்கட் எல்லாம் வெளியே போய், இதற்கென்றே வைத்திருந்த பானைகள் கூரைக்கடியிலுள்ள லொஃப்டிலிருந்து இறங்கின. கந்தசஷ்டிக்குக் குசினியைக் கழுவி ஊற்றுகிறவளுக்கு இது ஒன்றும் புதினமில்லை. சமைப்பது யாரானாலும் அடுப்பை ஒரு யூதரின் கைதான் பற்றவைக்க வேண்டும் என்பதுதான் புதிது. மிரியம் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பற்றவைத்துவிட்டு முன்னறைக் கதிரைக்குப் போனாள்.

மாட்டிறைச்சி, கரட், செலரி, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று பானை நிறைந்தது. செல்வமலர் மாடு தொடாதவள், ருசி பார்க்க ஏலாது. மூக்கை நம்பித்தான் சமையல். கொதி வந்தபோது கிழவியின் வாயுத் தொல்லை ஞாபகம் வந்தது. அதற்கென்றே வாங்கி வைத்த பெருங்காயத்தில் ஒரு சிட்டிகை போட்டாள். டப்பாவைக் கைப்பையில் வைத்து, சிப்பை இழுத்து, பையை வாசல் கொளுவியில் மாட்டினாள்.

திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது.

மிரியம் வந்து பற்றவைத்தாள். பத்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது. பானையின் மூடி கழற்றிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

"ரூத்துக்கு ஏதோ பிடிக்கவில்லை," என்றாள் மிரியம், சாதாரணமாக.

செல்வமலர் சிரித்து வைத்தாள். கிழவியைக் கதிரையில் இருத்திவிட்டு வந்தபோது மூன்றாம் முறையும் அணைந்திருந்தது. பானைக்கு அருகே பெருங்காய டப்பா இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பை கொளுவியில்தான் தொங்கியது, சிப்பும் பூட்டித்தான் இருந்தது. வீட்டில் வேறு ஆளில்லை.

டப்பாவின் பின்பக்கம் மேலே தெரிந்தது. பொடி எழுத்துகளை முதல் தடவையாக வாசித்தாள். பெருங்காயம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கோதுமை மா.

இந்த வேலையை எடுத்துக் கொடுத்த ரஜனிக்குப் போன் எடுத்தாள்.

"எடியே, வாயை மூடிக்கொண்டிரு. ஆருக்குத் தெரியப்போகுது? மனிசி குடிச்சால் போதும்."

"ஏலாதக்கா. அவவின்ரை விரதமெல்லே."

சொன்னால் கிழவி சூப்பைத் தொடமாட்டாள், இறைச்சிக்கென்று இறக்கிய பானையும் இது ஒன்றுதான், நாளைக்கு ஆஸ்பத்திரி. சொல்லாமலிருந்தால் உயிர் தங்கும், ஆனால் வாழ்நாள் முழுக்கக் காத்ததை ஒரு சிட்டிகையில் கெடுத்ததாகிவிடும். செல்வமலருக்கு அழுகை வந்தது. முன்னறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள் மிரியம். "நீ போட்ட உடனேயே ரூத் சொல்லிவிட்டாள். நீயாக வந்து சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதை ஊற்றிவிடு. லொஃப்டில் இன்னொரு பானை இருக்கிறது, இறைச்சியும் மிச்சம் இருக்கிறது."

புதுப் பானையோடு செல்வமலர் குசினிக்குள் வந்தபோது அடுத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மிரியம் கதிரையை விட்டு எழவே இல்லை.

பொழுது படுகிற நேரத்தில் மிரியம் இரண்டு கோப்பை சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். முகத்தில் இரத்தம் ஓடியது. அதைப் பார்த்துச் செல்வமலருக்கு வயிறு குளிர்ந்தது. அந்தத் துணிவில்தான் கேட்டாள்.

"நான் சொல்லாமல் விட்டிருந்தால்?"

மிரியம் எதிரே இருந்த வெறும் கதிரைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு செல்வமலரின் கையை மெல்லத் தட்டினாள்.

"அதை உனக்குச் சொல்ல வேண்டாமாம்."