அங்சானா பூத்த தேதிகள்

சாரதாம்பாள் அரிசிப் பானையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு வண்டு விழுந்தது. கூடத்தில் அவள் புருஷன் நல்லையாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாகிவிட்டது. வாய்க்கரிசி போட ஒரு பிடி இல்லை. ஜப்பான்காரன் வந்து மூன்றாம் வருஷம். மலாக்காவில், காஜா பெராங் வட்டாரம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தது.

"கிழங்கையே சீவிப் போட்டுக்கலாம், அண்ணி," என்றான் கொழுந்தன் கணேசமூர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இருந்தப்பதான் கிழங்கு. போறப்பவுமா?"

பரணிலிருந்து அவர் எழுதி வைத்த ஒன்பது நோட்டுகளை இறக்கினாள். நல்லையா நில அளவை ஆபீசில் சங்கிலி பிடித்தவர். அங்சானா மரம் என்றைக்கு மஞ்சளாகப் பூக் கொட்டியது, வடக்கேயிருந்து தகைவிலான் குருவிகள் என்றைக்கு வந்து தந்திக் கம்பியில் உட்கார்ந்தன, மங்குஸ்தான் எப்போது சிவப்பாகத் துளிர்த்தது என்று தேதி போட்டு எழுதுவதுதான் அந்த மனுஷனுக்கு உலகம். வேலை போன பிறகும் விடவில்லை. "குருவி வந்தா எழுதுறீங்களே, அரிசி எப்ப வரும்னு எழுதுங்களேன்!" என்று போன வாரம்கூடக் கத்தியிருந்தாள். இப்போது தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

புகையிலைக் கடைக் கலியாணசுந்தரம் அவள் நீட்டிய நோட்டின் தாளைத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஊரே பறந்த காலம் அது.

"புகையிலை வச்சு ரோக்கோ சுருட்ட நல்ல தாள்தான். ஆனா ரெண்டு பக்கமும் எழுதித் தள்ளியிருக்காரே."

"எழுதியிருந்தா எரியாதா, அண்ணே?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிகரெட் டின்னில் அரை டின் அரிசி அளந்தார். "சாவு வீடுன்னுதான் தர்றேன்."

அவள் நிற்கும்போதே முதல் தாளைக் கிழித்தார். 'பங்குனி நாலு. அங்சானா பூத்தது' என்ற வரியின்மேல் புகையிலையைத் தூவிச் சுருட்டினார். டின்னை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கூடத்தில் எட்டு வயது மகள் ஜெயா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தாள். அவளுக்கும் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

அரிசி மூன்று பிடிக்கு மேல் தேறாது. சாரதாம்பாள் முதல் பிடியைப் புருஷன் வாயில் போட்டாள். இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"போடுங்க, அண்ணி."

விரல்களைத் திறக்காமலே கையை எடுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். மற்றக் கையால் மாரில் அடித்து, ஓவென்று அழுதபடி அடுக்களைக்குப் போனாள். ஜெயாவும் எழுந்து பின்னாலேயே போனாள்.