பேரல் காரின் பிரேக்

"பிரிச்சுக்க, அறுத்துக்க, என்ன வேணா பண்ணிக்க. கொட்டாய்ல கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு ஒரு புள்ளைக்கு ஆவட்டும்" என்று எல்லையம்மாள் அந்த வண்டியை அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் கணவர் காயாரோகணத்துக்குக் கால்கள் விளங்காமல் போனபோது சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பேட்டரி சக்கர நாற்காலி அது. வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களை மறித்து ஊரே ரோட்டில் உட்கார்ந்த நாளில், அவரும் அதில்தான் போய் முன்வரிசையில் இருந்தார். போன வருஷம் காலமாகிவிட்டார்.

அம்சவல்லி நன்னிலத்தில் மாலை நேர எலக்ட்ரீஷியன் வகுப்புக்குப் போகிறவள். பக்கத்து வீட்டு சஃபியாவுக்கு ஐந்து வயதாகியும் கால் ஊன்ற முடியவில்லை. தாய் கமருன்னிஸா இடுப்பிலேயே சுமந்து திரிவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் கார் செய்து தருவதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நீல பிளாஸ்டிக் பேரலைப் படுக்க வைத்து வெட்டியதில் காரின் உடம்பு கிடைத்தது. வண்டியின் சக்கரங்களும் மோட்டாரும் அதற்குப் பொருந்தின. மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தாள். முனகியதே தவிர சுற்றவில்லை, தொட்டால் சுட்டது. எரித்துவிட்டோம் என்று நினைத்து, அன்று எல்லையம்மாள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

மறுநாள் ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, வேண்டாமென்று தானே ஒதுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்கள் கண்ணில் பட்டன. பிரேக்குக்குப் போகிறவை. கரண்ட் கொடுத்தால் பிரேக் பிடிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது நேர்மாறாக இருந்தது: கரண்ட் வந்தால்தான் பிடியை விடும். இணைத்ததும் டக்கென்று ஒரு சத்தம், சக்கரம் சுற்றியது.

கமருன்னிஸா காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பிரேக் எங்க?"

"தனியா இல்லக்கா. சுவிட்சிலேருந்து கையை எடுத்தா நின்னுடும்."

"பேட்டரி போயிடுச்சுன்னா?"

"அப்பவும் நின்னுடும்."

"நம்ம ஊர்ல பாதி நாள் கரண்டே இல்ல. நிக்கிறதுக்குன்னே ஒரு காரு செஞ்சிருக்கே" என்றாள் பார்க்க வந்திருந்த எல்லையம்மாள்.

கமருன்னிஸா சிரிக்கவில்லை. "ஒரு தடவ ஏத்துறேன். எனக்குப் பயமா இருந்துச்சுன்னா அதோட சரி."

நெல் அடிக்கும் களத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் களம் வாய்க்கால் பக்கம் சரிந்திருக்கும். சஃபியாவைத் துண்டால் இருக்கையோடு கட்டினார்கள். விசையை அழுத்தியதும் கார் கிளம்பியது. குழந்தை தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கையை எடுக்கவும் இல்லை, காரைத் திருப்பவும் இல்லை. கார் சரிவில் இறங்கியது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அம்சவல்லி ஓடினாள். கார் ஒரு மண்கட்டியில் ஏறிக் குதித்தது. அவள் முறுக்கி டேப் சுற்றியிருந்த பேட்டரி ஒயர் கழன்று விழுந்தது. கார் சரிவிலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்துனே?" என்று சஃபியா அவளைக் கோபித்துக்கொண்டாள்.

அம்சவல்லி தொங்கிய ஒயரைக் கையில் எடுத்தாள். "ஒயர் கழண்டுடுச்சுக்கா. நான் சரியா மாட்டல."

கமருன்னிஸா துண்டை அவிழ்த்து சஃபியாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு, காரை வாய்க்கால் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. உடம்பின் எடையெல்லாம் கொடுத்து இன்னொரு முறை தள்ளினாள். அப்போதும் அசையவில்லை.

தன்னைப்போல் ஒருத்தி ஒயரைத் தப்பாக மாட்டுவாள் என்று முன்கூட்டியே யோசித்து, எங்கோ யாரோ அந்தப் பிரேக்கைச் செய்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த ஆளுக்கு அம்சவல்லி மனதுக்குள் நன்றி சொன்னாள்.

கமருன்னிஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதை நல்லா முறுக்கி மாட்டு. முறுக்குனத நானும் இழுத்துப் பாக்குறேன். பொழுது சாயறதுக்குள்ள இன்னும் ரெண்டு சுத்து போகட்டும்."