கிழிக்காத உத்தரவாதச் சீட்டு

என் கணவன் ரிகோர் மேல் எனக்கு முப்பத்தாறு வருடமாக ஒரு வழக்கு இருந்தது. சாட்சி நான், வக்கீல் நான், நீதிபதியும் நானேதான். எங்கள் மகள் ஸ்டெஃபாவைப் பெற்ற ஆறாம் நாள், 1986 நவம்பர் பதிமூன்று, காலை பதினோரு மணிக்கு மின்ஸ்க் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றப் பெண்களின் புருஷன்மாரெல்லாம் பூச்செண்டும் கையுமாக வாசலில் நின்று, பிள்ளையை வாங்கிக்கொண்டு டாக்சி ஏறிப் போனார்கள். நான் மட்டும் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்சுகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ரிகோர் ஒரு மணிக்கு வந்தான். கைக்கடிகாரம் நின்று நின்று ஓடியிருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரிக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முள்ளைத் திருத்தினேன் என்றான். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். கடிகாரம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் காலை நனைக்கிறோம் என்று சொல்லி நாள்கணக்கில் குடிப்பது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம். வாயை முகர்ந்தேன், வாசமில்லை. ஊறுகாய் தின்று மறைத்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

ஏனென்றால் அந்தக் கடிகாரத்தை உதிரிபாகங்களிலிருந்து சேர்த்துப் பூட்டியதே நான். அப்போது நான் கடிகாரத் தொழிற்சாலையில், பேட்டரியில் ஓடும் புதுரகக் கடிகாரங்களின் வரிசையில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மேஸ்திரியிடம் கெஞ்சி, அவனுக்கென்று ஒன்றை என் மேசையிலேயே பூட்டினேன். அதோடு வரும் உத்தரவாத அட்டையில் என் எண் இருபத்தேழு குத்தியிருக்கும். பழுதானால் அட்டையிலுள்ள உத்தரவாதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். சீட்டு கிழிக்காமல் முழுசாக இருந்தது. ஆகவே கடிகாரம் பழுதாகவில்லை, ஆகவே அவன் சொன்னது பொய். ஸ்டெஃபாவின் ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

போன வாரம் ஸ்டெஃபாவுக்குக் குழந்தை பிறந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை அதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நேரத்துக்கு வருகிறாயா பார்க்கிறேன் என்று, பொத்தான் டப்பாவில் வருடக்கணக்காகச் செத்துக் கிடந்ததை எடுத்தேன்.

"அத விட்டுடு யானினா. நான் ஃபோன்ல மணி பாத்துக்குறேன்" என்றான் ரிகோர். முகம் சரியில்லை. குட்டு வெளிப்படப் போகிறதென்று பயப்படுகிறான் என நினைத்தேன். விடுவேனா?

ஜன்னலோரம் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பஞ்சில் வோட்காவைத் தொட்டு, தொடுமுனைகளைத் துடைத்தேன். புது பேட்டரி போட்டும் முள் அசையவில்லை. ரிகோரின் மின்சோதனை மீட்டரை வைத்துப் பார்த்தேன், கம்பிச்சுருள் அறுந்திருக்கவில்லை. அப்படியானால் எண்ணெய் காய்ந்து சக்கரம் ஒட்டியிருக்கவேண்டும். தீக்குச்சியைச் சீவி மெல்லத் தள்ளினேன். விநாடிமுள் ஒருமுறை துடித்தது, பிறகு நடக்கத் தொடங்கியது. கை பழசை மறக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

மூடப்போகும்போதுதான் பேட்டரியின் ஓரத்தில், பச்சை படிந்திருந்த இடத்தில், மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சாதாரண ஒட்டு டேப், கத்தரியால் வெட்டியது. அங்கே நாங்கள் வைப்பது மெல்லிய காப்புத்தாள். அது இல்லாவிட்டால், கை ஆடும்போது பேட்டரி தகட்டில் பட்டுக் கடிகாரம் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக ஓடும். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பழுது பார்ப்பவர்கள் ஊசியால் தேதி கீறி வைப்பார்கள். 14.11.86. நான் பிள்ளையோடு வீடு வந்த மறுநாள்.

தாளை வைக்க மறந்தது நான். ஆயிரக்கணக்கில் பூட்டிய நான், அவனுக்கென்று ஆசையாசையாகப் பூட்டிய ஒன்றில் கோட்டை விட்டிருக்கிறேன்.

"சந்தையில கடிகாரம் ரிப்பேர் பண்றவன்கிட்ட குடுத்தியா? ஏன்? சீட்டு இருந்துச்சே."

"சீட்டக் கிழிச்சா கடிகாரம் எங்க வரும்?"

எங்கே வரும் என்று எனக்கா தெரியாது? தொழிற்சாலைக்கு வரும், அட்டையில் எண் பார்ப்பார்கள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் தப்புச் செய்தவரின் பெயரை வாசிப்பார்கள். அந்த வருடம்தான் சிறந்த தொழிலாளிகளின் கௌரவப் பலகையில் என் படம் ஏறியிருந்தது.

"உங்கம்மாவ கிராமத்துலேந்து கூட்டிட்டு வந்து அந்தப் படத்தக் காட்டுன. அத எறக்கச் சொல்றியா?" என்றான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாவி."

"சொல்லியிருந்தா நீயே போய் மேஸ்திரிகிட்ட ஒத்துக்கிட்டிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

முப்பத்தாறு பிறந்தநாள். அத்தனை விருந்திலும் அந்தச் சீட்டை நான் ஆட்டியபோது அவன் சிரித்ததை நினைத்தேன். வெட்கத்தில் என் காது சுட்டது. வோட்கா பஞ்சு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். பல் கிட்டும் குளிர். பதினொன்றடித்துப் பத்து நிமிடத்தில் ஸ்டெஃபா பிள்ளையோடு வந்து, அப்பா நேரத்துக்கு வந்துட்டாரே, அதிசயந்தான் என்று வழக்கம்போல் கிண்டல் செய்தாள். ரிகோரும் வழக்கம்போல் சிரிக்க வாயெடுத்தான்.

"சிரிக்காத" என்றேன். நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "ஸ்டெஃபா, அன்னைக்கு உங்கப்பா மேல தப்பில்ல. கடிகாரத்தக் கெடுத்தவ நான். அது தெரிஞ்சும் இத்தன வருஷம் எனக்காகப் பேச்சு வாங்கியிருக்காரு."

ரிகோர் கையை நீட்டினான். பேரனை வாங்கிக்கொண்டு, போர்வையைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் குனிந்தே நின்றான். அவன் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.