பதினாறு கெளுத்திகளுக்கு ஒரு சாட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. என் மச்சினி செந்தமிழ்ச்செல்வி கேட்டது ஒரு கடிதம், அதுவும் மூன்றே வரி. அதை எழுதத் துப்பில்லாமல்தான் நான்கு நாளாக இந்தக் கதையை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஐப்பசி மழையில் மருதேரி வாய்க்கால் வெள்ளிச் சதங்கை கட்டிக்கொண்டு..." சே! வாய்க்கால் என்ன நாட்டியமா ஆடுகிறது? அடித்தாயிற்று.

இரண்டாவது: "நெல்லித்தோப்பு கோவிந்தராசு வியாழக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, பழைய கொசுவலையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்."

இது தேவலை. யாரோ ஒரு கோவிந்தராசு. நமக்கென்ன?

2

இங்கே கொஞ்சம் விளக்கம் வேண்டும் (கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்).

மருதேரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை எப்போதோ சிமெண்டால் பூசிவிட்டார்கள். வழவழத் தளத்தில் மீன் ஏறாது. மூன்று வருடமாகச் செல்வியும் அவளோடு நாலைந்து பேரும் நானூறு மீட்டருக்குச் சிமெண்டைப் பெயர்த்து, கல் பாவி, கோரை நட்டார்கள். முதல் மழையில் நாட்டு மீன்கள் எதிர்நீச்சலில் மேலேறி முட்டையிடும், அதற்காக. இரண்டு மழைக்காலம் போயிற்று, ஒரு மீனும் ஏறவில்லை. இந்த வருடமும் ஏறாவிட்டால் மறுபடி சிமெண்ட் போடுவோம் என்றது வாய்க்காலுக்குப் பொறுப்பான அரசுத் துறை. அதை முடிவு செய்யும் கூட்டம் திங்கட்கிழமை.

செல்வி ஐந்து நாள் கரையில் கிடையாய்க் கிடந்தாள். ஆறாம் நாள், அதே வியாழக்கிழமை, "ஏன் மீன் வரவில்லை?" என்று விளக்கம் கேட்டுத் துறை அவளைக் கூப்பிட்டது. அவள் அங்கே நின்று விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மழை கொட்டியது. மீனும் வந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதா? எனக்கும்தான்.

3

கோவிந்தராசு பதினாறு பிடித்தார். மத்தியானம் கொழுந்தியாள் பசியோடு வந்தாள். கோவிந்தராசுவின் மனைவி தனம் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"அக்கா, இது நாட்டுக் கெளுத்தியாச்சே. எங்க வாங்கன?"

"வாங்கறதாவது! உங்க மாமா வாய்க்கால்ல அள்ளிக்கிட்டு வந்தாரு. அத்தனையும் சினை. சாப்புடு, ஆறிடப் போவுது."

சாப்பிடவில்லை அவள். சினையை மட்டும் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, கோவிந்தராசுவைப் பார்த்து...

போதும். தனம் என் பெண்டாட்டி. கோவிந்தராசு என்று ஒருவன் கிடையவே கிடையாது. கொசுவலை என்னுடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"போர்டு வெச்சிருந்தமே, பாக்கலியா மாமா?"

பார்த்தேன்.*

"மூணு வருஷம் மாமா. கடசியில மீனுங்க அவ்ளோ பேரும் வந்தாங்க, நீங்க வலையோட நிக்கிறீங்க!" தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கத் தனத்திடம் கத்தினேன்.

(* 'இங்கே மீன் பிடிக்காதீர், இது அவற்றின் பிரசவ அறை' என்ற அந்தப் போர்டு வாசகமே நான் எழுதிக் கொடுத்ததுதான். குடும்பத்தில் எழுத்தாளன் நான் ஒருவன்தானே!)

4

முடிவு அ: கொசுவலையில் ஓர் ஓட்டை. பதினேழாவது மீன் அதில் தப்பி, மேலேறி, முட்டையிடுகிறது.

செல்வி படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினாள். "ஓட்டையில போன மீன காட்டுன்னு கேப்பாங்களே, எங்க போயி புடிக்கறது? முள்ள எடுத்துக்கினு போனா மார்க்கெட்ல வாங்கனதும்பாங்க. கண்ணால பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

முடிவு ஆ: அதிகாரி மனம் இளகி... அவரிடம் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இளகாது. அடித்தாயிற்று.

ஆமாம், அதைச் சொல்லவில்லை அல்லவா? நான் அந்தத் துறையில்தான் குமாஸ்தா. சிமெண்ட் கோப்பு என் மேஜையில்தான் கிடக்கிறது. என் கையெழுத்தோடு ஒரு சாட்சிக் கடிதம் போனால் ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்குத் தூக்கியடிப்பார்கள். எண்ணூறு கிலோமீட்டர்.

"கதைய வுடுங்க மாமா. பாத்தேன், புடிச்சேன், தின்னேன். மூணு வரி. அதுகூடவா வராது உங்களுக்கு?"

5

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்தரை மணி:

"வியாழக்கிழமை காலை மருதேரி வாய்க்காலில், கல் பாவிய இடத்தில், நாட்டுக் கெளுத்திகள் சினையோடு எதிர்நீச்சலில் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். பதினாறைப் பிடித்தேன். தின்றேன்.

கையெழுத்து:"

செல்வி வாசலில் வண்டியை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள். "போட்டுத் தொலைங்களேன்" என்கிறாள் தனம். பேனா கையில்தான் இருக்கிறது.

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். என்றாவது மருதேரிப் பக்கம் போனால் வாய்க்காலை எட்டிப் பாருங்கள். கல்லும் கோரையும் இருந்தால் போட்டுவிட்டேன். சிமெண்ட் இருந்தால், நான் முடிவு இ எழுதிக்கொண்டிருக்கிறேன்.